தலைக்கு ஒரு வாக்கா, டாலருக்கு ஒரு வாக்கா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சிறு கட்டடம் ஒன்று வைத்திருக்கும் என் மைத்துனருக்கு, அவருடைய கடைத்தெருவை ‘வணிக மேம்பாட்டு வட்டாரம்’ ஆக்குவது குறித்து நகராட்சியிடமிருந்து வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. பெரும்பாலான உரிமையாளர்கள் எதிர்த்தாலும் திட்டம் நிறைவேறிவிடும் என்கிறார் பக்கத்துக் கட்டடக்காரர். அது எப்படி?

பதில்: அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். தெருவைக் கூடுதலாகத் துப்புரவு செய்யவும், காவலர் அமர்த்தவும், விளம்பரம் செய்யவும் அப்பகுதி உரிமையாளர்களிடமே கட்டாயக் கட்டணம் வசூலிக்கும் இந்த ஏற்பாடு 1970-இல் டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜில் பிறந்தது. வணிகர் சங்கத்துக்குச் சந்தா கொடுக்காதவர்களும் பலனை அனுபவித்ததால், எல்லோரும் கொடுத்தாக வேண்டும் என்று வணிகர்களே சட்டம் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கான சட்டம் 1994-இல் வந்தது. வாக்கெடுப்பு முறையோ 1996-இல் மக்கள் நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவின்படி நடக்கிறது.

சூட்சுமம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. உங்கள் மைத்துனரின் கட்டடத்துக்கு விதிக்கப்படவுள்ள தொகை அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தொகைதான் அவருடைய வாக்கின் எடை. ஒரு தெருவில் ஆண்டுக்கு 30,000 டாலர் கட்டவேண்டிய இரண்டு பெரிய கட்டடங்களும், 2,000 டாலர் வீதம் கட்டவேண்டிய இருபது சிறு கட்டடங்களும் இருப்பதாகக் கொள்வோம். சிறியவர்கள் இருபது பேரும் ஒருமித்து ‘வேண்டாம்’ என்றாலும் அவர்களுடைய எடை 40,000. பெரியவர்கள் இருவருடையது 60,000. இருபது பேர் தோற்றுவிடுவார்கள்.

இதைவிடக் கசப்பானது, திருப்பி அனுப்பாத சீட்டு எந்தப் பக்கத்திலும் எண்ணப்படுவதில்லை என்பது. கூட்டத்தில் எழுந்து உரக்கப் பேசிவிட்டுச் சீட்டை மேசை இழுப்பறையில் மறந்துவிடுபவர், சட்டத்தின் பார்வையில் எதிர்க்கவே இல்லை. அறிவிப்பு அஞ்சலில் சேர்க்கப்பட்ட பின் குறைந்தது 45 நாள் கழித்தே பொது விசாரணை நடக்கவேண்டும். அங்கே பொதுமக்கள் கருத்துரைத்து முடியும்வரை சீட்டைக் கொடுக்கலாம், மாற்றலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். ஆகவே சக உரிமையாளர்களைத் தேடிப் போகும்போது எண்ணிக்கையை அல்ல, அவர்கள் கட்டவேண்டிய தொகையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தெருவில் நகராட்சிக்குச் சொந்தமான நிலம் இருந்தால் அதற்கும் வாக்கு உண்டு என்பதை மறக்கவேண்டாம். திட்டத்துக்கு அனுமதி தருபவரே வாக்காளராகவும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வாக்கில் தோற்றாலும் நீதிமன்றம் இருக்கிறது. ஊருக்கே கிடைக்கும் பொதுப் பலனுக்காக இக்கட்டணத்தை விதிக்கக்கூடாது. அந்தச் சொத்துக்குக் கிட்டும் சிறப்புப் பலனைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு நகராட்சியுடையது. சான் டியேகோ நகரின் கோல்டன் ஹில் பகுதியில், இதே விதிகளுக்குட்பட்ட ஒரு பராமரிப்பு வட்டாரத்தை 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. இப்படிப் பிரித்துக் காட்டாததும், நகராட்சி நிலங்களின் வாக்கு எடைக்கு ஆதாரம் இல்லாததும் காரணங்கள்.

கேள்வி: இந்த வாக்கில் வாடகைதாரருக்குப் பங்கு உண்டா?

பதில்: கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும் பொறுப்பு வாடகைதாரருடையதானால் கலிஃபோர்னியாவில் அவருக்கும் உண்டு. நியூயார்க் நகரில் வாக்கெடுப்பே இல்லை: விசாரணை முடிந்த 30 நாட்களுக்குள், உரிமையாளர்களில் 51 சதவீதத்தினரோ மொத்தச் சொத்து மதிப்பில் 51 சதவீதம் வைத்திருப்பவர்களோ எழுத்து மூலம் ஆட்சேபித்தால்தான் திட்டம் நிற்கும். அங்கே மௌனம் சம்மதமாகவே கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தில் வணிகச் சொத்து வரி செலுத்துபவர்களே வாக்களிப்பதால் கடையை நடத்தும் வாடகைதாரர்தான் பெரும்பாலும் வாக்காளர். தலை எண்ணிக்கை, வரி மதிப்பு ஆகிய இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும், ஐந்தாண்டுக்குள் மறுபடியும் வாக்குக் கேட்டாக வேண்டும்.