ஏழு சிப்புகளுக்குப் பதில் ஒன்று

கேள்வி: குலசேகரத்தில் எங்கள் ரப்பர் ஷீட் புகைக்கூடத்துக்காக, வெப்பம், கதவு, மின்விசிறி ஆகியவற்றைக் கவனித்து எச்சரிக்கும் சுற்று ஒன்றை 74 வரிசைச் சிப்புகள் (எளிய தருக்கச் சுற்றுகள் அடங்கியவை) ஏழைக் கொண்டு அமைத்திருக்கிறேன். இதை ஒரே சிப்பில் அடக்க எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இயங்கும் தருக்கச் சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளும் பெரிய சிப்) வாங்க வேண்டுமா?
— பாலிடெக்னிக் மாணவி, தக்கலை

பதில்: வேண்டாம். இதேபோல நாமே எழுதிக்கொள்ளக்கூடிய, ஏ.டி.எஃப்.16வி8 போன்ற சிறிய சிப்பே தாராளம். அதன் எட்டு வெளியீடுகளில் ஒவ்வொன்றும் அதிகபட்சம் எட்டு ‘அண்ட்’ கோவைகளை (எல்லா நிபந்தனையும் சேர்ந்தால் மட்டுமே உண்மையாகும் தொகுப்புகளை) ‘ஆர்’ செய்து (ஏதேனும் ஒன்று உண்மையானாலும் போதும் என்று இணைத்து) தருவதால், ‘கதவு மூடியிருக்கிறது, விசிறி நின்றுவிட்டது, வெப்பம் மீறிவிட்டது’ போன்ற நிபந்தனைகள் அதில் எளிதில் அடங்கிவிடும். மின்சாரம் போய்வந்தாலும் எழுதியது அழியாது. சுற்றில் ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்கள் எட்டுக்கு மேல் இருந்தால் மட்டும் பெரிய சிப்பை நாடுங்கள்.

எஃப்.பி.ஜி.ஏ.வின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. எட்டு உள்ளீடுகளின் பாரிட்டியைக் (1-களின் எண்ணிக்கை ஒற்றையா, இரட்டையா என்பதைக்) கணிக்க, மேற்சொன்ன முறையில் 128 கோவைகள் தேவைப்படும், எஃப்.பி.ஜி.ஏ.விலோ, நான்கு உள்ளீட்டு அட்டவணை ஒவ்வொன்றும் 16 பிட் நினைவகமாக இருந்து, எந்தச் சார்பின் விடைகளையும் அப்படியே எழுதிவைத்துக்கொள்வதால், மூன்றே அட்டவணைகள் போதும். 1985-இல் சைலின்க்ஸ் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 சிப்பில் 64 தருக்கக் கட்டங்களே இருந்தன. இன்றைய பெரிய சிப்புகளில் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் பெரும்பாலானவை எஸ்.ரேம் வகை என்பதால், மின்சாரம் நின்றதும் எல்லாம் மறந்துபோய், மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். உங்கள் 5 வோல்ட் சிப்புகளை அதன் 3.3 வோல்ட் கால்களில் நேரடியாக இணைப்பதும் ஆபத்து.

உலோக அடுக்கைத் தொழிற்சாலையிலேயே பதித்துத் தரும் கேட் அரே என்ற இன்னொரு வகைச் சிப், ஆயிரக்கணக்கில் தயாரிப்பவர்களுக்கே கட்டுப்படியாகும். ஏ.டி.எஃப்.16வி8 சிப்பை வாங்குமுன் உங்கள் ஆய்வகத்தில் அதில் எழுதுவதற்கான புரோகிராமர் கருவி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.