ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: பழைய டெஸ்க்டாப் ஒன்றில் என் அக்காள் மகன் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். 12 ஆண்டுக் குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். போன ஞாயிறு அப்டேட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். அதன்பின் சர்வர் எழவில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் ‘கர்னல் பேனிக்’, ‘அன்ஏபிள் டு மவுன்ட் ரூட்’ என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும், படங்களை மீட்கத் தனிக்கட்டணம் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள். பதறியிருப்பது கர்னல்தான், நீங்கள் பதற வேண்டியதில்லை. உங்கள் படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன.

கர்னல் என்பது கணினிக்குள் நுழைந்து எல்லாவற்றையும் நடத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் சாவி அவரிடம் இருக்காது, இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பில் இருக்கும். ஆளும் சாவியும் டிஸ்க்கில் ‘பூட்’ என்ற சிறிய பகுதியில் இருக்கிறார்கள். பழைய நிறுவல்களில் அதற்கு ஒதுக்கியது சில நூறு எம்.பி.தான். அப்டேட்டுக்கு அப்டேட் புதிய கர்னல் வந்து சேர, பழையவை நீங்காமல் கிடந்தால், ஒரு நாள் இடம் தீர்ந்துவிடும். ஆள் வந்துவிட்டார், சாவி வரவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகளுக்கும் வழக்கமான பொருள் இதுதான்.

இடம் போதவில்லை என்பதை அப்டேட் சொல்லாமல் இல்லை. ஓடுகிற நூறு ஆங்கில வரிகளுக்கு நடுவே ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதை யார் படிப்பார்கள்? தொடங்குவதற்கு முன்பே ‘இடம் இல்லை, செய்யமாட்டேன்’ என்று நிறுத்தினால் என்ன குறைந்துபோகும்? ஆண்டுக்கணக்காகக் கேட்டுவிட்டேன், அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி, கணினியைப் போட்ட உடனே எஸ்கேப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பயாஸ் என்ற பழைய முறையில் தொடங்கும் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருங்கள். பதற்றத்தில் எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தால் ‘கிரப்’ (கர்னலை ஏற்றிவிடும் நிரலின் பெயர்) என்ற சொல் மட்டும் வந்து நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போனால் கர்னல்கள் எண்களோடு வரிசையாக இருக்கும். மேலே உள்ளது புதியது. அதற்கடுத்த பழையதைத் தேர்ந்தெடுங்கள். அநேகமாகச் சர்வர் எழுந்துவிடும்.

எழுந்ததும் பழுதுபார்க்க உட்காராதீர்கள். முதலில் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பிறகு ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையால் பழைய கர்னல்களை நீக்கி, பாதியில் நின்ற நிறுவலை முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் உங்கள் அக்காள் மகன் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவான்.

இப்போது கடைக்காரர் விஷயம். லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினால் அதற்குப் படிக்கத் தெரியாது. ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று ஒரு பெட்டி எழும்பும். அது விண்டோஸின் அறியாமை, டிஸ்க்கின் நோய் அன்று. அந்தப் பெட்டியைக் காட்டித்தான் ‘டிஸ்க் போய்விட்டது’ என்கிறார்கள். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. சிலருக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தபோது ஃபார்மட் முடிந்திருந்தது. அழித்ததற்கு ஒரு கட்டணம், அழித்ததைத் தேடித் தருவதற்கு இன்னொரு கட்டணம். கிடைத்தவை பெயரும் தேதியும் இழந்த அரைகுறைப் படங்கள். இரண்டுக்கும் ரசீது இல்லை.

ஆகவே, யாரிடம் கொடுப்பதானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உபுண்டு லைவ் பென் டிரைவில் போட்டுப் பார்த்தீர்களா?’ டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டுவதுதான் அது. விழித்தால் வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பென் டிரைவை நீங்களே தயாரிக்கலாம். அதில் ‘ட்ரை உபுண்டு’ என்பதை மட்டும் தொடுங்கள்; உங்கள் டிஸ்க்கைத் திறந்து படங்களை நகல் எடுக்கலாம். நிறுவும் பக்கம் போகாதீர்கள். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பது அங்கேதான் காத்திருக்கிறது.

ஒரே ஒரு நிலையில் நான் சொன்னது செல்லாது. காதை டிஸ்க் பக்கம் வைத்துக் கேளுங்கள். ‘டக், டக்’ என்று சீராக அடித்துக்கொண்டாலோ, திரையில் ‘ஐ.ஓ. எரர்’ (படிக்க, எழுத முடியவில்லை) என்ற வரி திரும்பத் திரும்ப வந்தாலோ, டிஸ்க்கே சாகிறது. அப்டேட் அதே நாளில் வந்தது தற்செயல். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ஓட்டச் சொல்வார்கள், ஓட்டாதீர்கள். சாகிற டிஸ்க்கில் எழுதப் போகிற கருவி அது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம். மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது, உள்ளே விழும் தூசி போதும். அந்த நிலையில் மட்டும் தரவு மீட்புக்கென்றே இருக்கும் கூடத்துக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு, அதுவும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிய பிறகு.

சத்தம் ஏதும் இல்லாமல், பழைய கர்னலும் அதே வரியில் நின்றால், திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். கடைசிப் பத்து வரிகள் படிக்கும்படி இருக்க வேண்டும். ‘கறுப்பாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வாரத்துக்கு நான்கு கடிதம் அப்படித்தான் வருகிறது.