வாடகை பாக்கிக்காகக் காலி செய்யும் வழக்கு: தொண்ணூறு நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் பழைய பகடிக் கட்டடம் (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நீண்ட காலம் குடியிருக்கும் முறை) ஒன்றில் என் தந்தை வாடகைதாரராக இருந்தார். மாத வாடகை 450 ரூபாய். 2019-இல் அவர் காலமான பிறகும் ரசீது அவர் பெயரிலேயே வந்தது. கட்டடம் கைமாறியதும் புதிய உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தார். இரண்டு முறை அனுப்பிய மணியார்டரும் திரும்பி வந்ததால் விட்டுவிட்டோம். இப்போது 36 மாத பாக்கி. இடையில் வந்த பதிவுத் தபால் ஒன்றை அம்மா வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் ஸ்மால் காஸ் கோர்ட்டிலிருந்து (சிறு வழக்கு நீதிமன்றம்) எங்கள் இருவருக்கும் சம்மன் வந்தது. வாடகை பாக்கி, நாங்கள் வாடகைதாரர்களே அல்ல, 2020 ஊரடங்கில் எட்டு மாதம் திருநெல்வேலியில் தங்கிவிட்டதால் வீட்டைப் பயன்படுத்தவில்லை என்று மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாய்தாவில் நேரில் போய் நீதிபதியிடம் விளக்கிச் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. மும்பையில் வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் காலி செய்யும் வழக்குகள், வீட்டின் மதிப்பு எத்தனை லட்சமானாலும், ஸ்மால் காஸ் கோர்ட்டில்தான் நடக்க வேண்டும். தோபி தலாவில் உள்ள அந்த நீதிமன்றத்தில் எழுத்துமூல பதிலுரை (வழக்குக்கு நீங்கள் தரும் பதில்), ஆவணங்கள், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை ஆகிய அனைத்தும் உண்டு. வாயால் சொல்லும் விளக்கம் வழக்குப் பதிவேட்டில் ஏறாது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் பாக்கி வாடகை முழுவதையும், அதற்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தனிவட்டியையும் சேர்த்து நீதிமன்றத்தில் கட்டி, அதன் பிறகு வழக்கு முடியும்வரை மாதம் தவறாமல் வாடகையைச் செலுத்தி, நீதிமன்றம் குறிப்பிடும் செலவுத் தொகையையும் கொடுத்துவிட்டால், பாக்கி என்ற காரணத்துக்காக உங்களை வெளியேற்றும் தீர்ப்பை அளிக்க முடியாது. தொண்ணூறு நாளில் இரண்டு வாரம் போய்விட்டது. இந்தக் கெடு விஷயத்தில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 36 மாத வாடகை 16,200 ரூபாய். மாதம் 450 ரூபாய்க்கு 15 சதவீத வட்டி, மாதமொன்றுக்கு 5.62 ரூபாய்க்குச் சற்று மேல். முதல் மாத பாக்கிக்கு 36 மாத வட்டி, கடைசி மாதத்துக்கு ஒரு மாத வட்டி என்று இறங்குவரிசையில் கூட்டினால் வட்டி 3,746 ரூபாய் வரும், மொத்தம் 19,946. பணம் கட்டும் நாள்வரை சேரும் வாடகையையும் வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். வாடகையுடன் சேர்த்து வாங்கச் சட்டம் அனுமதிக்கும் கூடுதல் தொகை ஏதேனும் கோரப்பட்டுள்ளதா என்று வழக்குரையில் (உரிமையாளர் தாக்கல் செய்த மனு) பாருங்கள். சில நூறு ரூபாய் குறைந்தாலும் பாதுகாப்பு கைநழுவக்கூடும் என்பதால், 22,000 ரூபாயாகக் கட்டுவதே நல்லது. அனுமதி கேட்டு மனு போட்டு, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறோம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.

பதிலுரைக்கான கெடு வேறு. அதற்கு முப்பது நாள். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் தொண்ணூறு நாள்வரை நீட்டிக்கலாம். பணம் கட்டிவிட்டதாலேயே பதிலுரை தேவையில்லை என்று நினைத்து, எதிர்தரப்பின் மற்ற இரண்டு காரணங்களிலும் தோற்றவர்கள் உண்டு.

திருப்பி அனுப்பிய அந்தத் தபால் பெரும்பாலும் பாக்கியைக் கட்டச் சொல்லும் கோரிக்கை நோட்டீஸாக இருக்கும். அந்த நோட்டீஸ் கொடுத்துத் தொண்ணூறு நாள் கழிந்த பிறகே பாக்கிக்காக வழக்குப் போட முடியும். சரியான விலாசத்துக்கு வந்த பதிவுத் தபாலில் 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதியிருந்தால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் கருதும். எனவே நோட்டீஸே வரவில்லை என்று பதிலுரையில் சொல்ல வேண்டாம்; அது உங்கள் மற்ற வாதங்களின் நம்பகத்தன்மையையும் கெடுக்கும். அதற்கு மாறாக, திரும்பி வந்த இரண்டு மணியார்டர் தாள்களையும் தாக்கல் செய்யுங்கள். வாடகை தர நீங்கள் தயாராக இருந்தீர்கள், வாங்க மறுத்தவர் உரிமையாளர்தான் என்பதற்கு அவையே சாட்சி.

வாடகைதாரர் அல்ல என்ற வாதத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. குடியிருப்பைப் பொறுத்தவரை, வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் வசித்த குடும்ப உறுப்பினர் வாடகைதாரராகிறார். ரசீதில் பெயர் மாறாதது இதைத் தடுக்காது. 2019-இல் தாயார் அந்த வீட்டில்தான் இருந்தார் என்பதை ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பெஸ்ட் (மும்பை மின் விநியோக நிறுவனம்) மின் கட்டண ரசீது போன்றவற்றால் காட்டுங்கள். தந்தை பெயரிலுள்ள பழைய வாடகை ரசீதுகளில் ஒன்றின் மூலப் பிரதியைக்கூட யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், குறிப்பாகச் சமரசம் பேச வருகிறவர்களிடம்.

உரிமையாளரின் ஊரடங்கு வாதம் பலவீனமானது. வழக்குத் தாக்கலான நாளுக்கு உடனடியாக முந்தைய ஆறு மாதங்கள், நியாயமான காரணமின்றித் தொடர்ந்து பயன்படுத்தாமல் இருந்தால்தான் அது காரணமாகும். 2020-இல் ஊரிலிருந்து திரும்ப முடியாமல் போனது அந்த ஆறு மாதக் கணக்கில் வராது. ஆனால் வழக்குக்கு முந்தைய ஆறு மாத மின் கட்டண ரசீதுகளில் யூனிட் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று உரிமையாளர் தரப்பு நிச்சயம் பார்க்கும். நீங்களும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், தாயாரின் சார்பில் நீதிமன்றத்திலுள்ள சட்டப்பணிகள் அலுவலகத்தில் இலவச வழக்கறிஞர் கேட்டு மனுக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இந்த உதவி வருமான வரம்பின்றிக் கிடைக்கும். சம்மன் நகல், வழக்குரை, மணியார்டர் தாள்கள், தந்தையின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் இந்த வாரமே செல்லுங்கள்.