லா இஸ்லா மினிமா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆல்பெர்த்தோ ரொட்ரிகஸ் இயக்கிய ஸ்பானியக் குற்றப்படம் ‘லா இஸ்லா மினிமா’ (2014) பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ‘மார்ஷ்லேண்ட்’ என்ற பெயரில் கிடைக்கும். முடிவைச் சொல்லும் இடத்தில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

கதையை ஒரு வரியில் சொல்லுங்களேன்?

1980, தெற்கு ஸ்பெயின், குவாடல்கிவீர் ஆற்றின் சதுப்பு நிலம். திருவிழா நேரத்தில் அக்காவும் தங்கையும் காணாமல் போக, வெளியூரிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் விசாரிக்க வருகிறார்கள்.

‘ட்ரூ டிடெக்டிவ்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் முதல் சீசனைச் சுட்டுவிட்டார்கள் என்கிறார்களே சார்?

அந்தத் தொடர் ஒளிபரப்பானது 2014 ஜனவரியில். இந்தப் படத்தின் படப்பிடிப்பு 2013இலேயே நடந்துவிட்டது. சதுப்பு நிலம், ஒத்துப்போகாத இரண்டு போலீஸ் என்பதெல்லாம் யாருக்கும் பட்டா போட்ட சொத்து இல்லையே.

வானத்திலிருந்து எடுத்த அந்தக் காட்சிகள் ட்ரோனா? மூளையின் மடிப்பு மாதிரி இருந்தது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவை எக்தோர் கார்ரிதோ என்ற புகைப்படக்காரர் அந்தச் சதுப்பு நிலங்களை வானிலிருந்து எடுத்த படங்கள். அசையாத படங்களில் பறவைகளையும் வண்டிகளையும் கணினியில் நகரவிட்டார்கள். தரையில் நடக்கும் காட்சிகளின் முகங்களுக்கும் நிலத்துக்கும் தூண்டுதல் இன்னொருவர்: இதே பகுதி மக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த செவில் நகரத்து அதீன் ஆயா. ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் கத்தலான் இந்த இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருக்கிறார்.

ஸ்பெயின் அரசியல் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

துப்பறியும் கதை புரியும், ஆனால் பாதிப் படம் கை நழுவிவிடும். சர்வாதிகாரி பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். 1977இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. அதே சட்டம், அவர்களை அடித்து உதைத்த போலீஸ்காரர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்றியது. பழைய ஆட்கள் பழைய நாற்காலியிலேயே இருந்தார்கள். 1981 பிப்ரவரியில் ராணுவக் கலகம் ஒன்றும் நடந்து தோற்றது. படம் அதற்குச் சில மாதங்கள் முந்தைய காலம்.

இப்போது அந்த இரண்டு போலீஸ்காரர்களைப் பாருங்கள். இளையவர் பெத்ரோ, ராணுவத்தை விமர்சித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மேலிடத்தின் கோபத்தைச் சம்பாதித்தவர். மூத்தவர் ஹுவான், பிராங்கோவின் அரசியல் போலீஸில் வேலை பார்த்தவர். விடுதி அறையில் தொங்கும் சிலுவையில் ஹிட்லர், பிராங்கோ படங்கள் ஒட்டியிருப்பதை ஒரு கணம் காட்டிவிட்டுப் போவார்கள். வெளியே நெல் அறுவடைக் கூலிகள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். இவை வெறும் பின்னணி இல்லை. கொலையை விசாரிக்கும் கையே கறைபட்ட கை என்றால் என்ன செய்வது என்பதுதான் ரொட்ரிகஸும், உடன் எழுதிய ரஃபேல் கோபோஸும் கேட்கும் கேள்வி.

நடிப்பில் யார் டாப்?

ஹுவானாக வரும் ஹவியேர் குத்தியேரஸ். ஒரு நிமிடம் சிரிக்கவைப்பார், மறு நிமிடம் அறைவார். சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவிலும், ஸ்பெயினின் முக்கியத் திரைப்பட விருதான கோயாவிலும் சிறந்த நடிகர் அவரே. படத்துக்கு மொத்தம் 10 கோயா.

அண்ணா, கடைசியில் உண்மையான குற்றவாளி மாட்டினானா இல்லையா?

(படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.) பாதிதான். கொன்றவன் சாகிறான். குற்றத்தில் பங்கிருப்பதாகச் சந்தேகிக்கப்படும் பணக்கார முதலாளியை நோக்கிப் போகும் நூல் அதோடு அறுந்துவிடுகிறது. பிறகு ஒரு பத்திரிகையாளர், ஹுவானின் கடந்த காலத்தைப் பெத்ரோவிடம் போட்டு உடைக்கிறார். தன் உயிரைக் காப்பாற்றிய ஆளைப் பற்றி அதைக் கேட்ட பிறகும் பெத்ரோ ஒன்றும் செய்வதில்லை. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இதுவே சரியான முடிவு. முதலாளிக்கு விலங்கு மாட்டியிருந்தால் 1977 சட்டத்தைப் பற்றிப் படம் பொய் சொன்னதாகிவிடும்.

இதே ஆட்களின் வேறு படங்கள்?

முதலில் ‘க்ரூப்போ 7’ (2012): 1992 உலகக் கண்காட்சிக்காக செவிலைச் ‘சுத்தம்’ செய்யும் போதைத் தடுப்புப் போலீஸ். அப்புறம் ‘மொதேலோ 77’ (2022), பார்சிலோனா சிறைக் கதை. பொதுமன்னிப்பு விவகாரம் அதில் கைதிகள் பக்கத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியில் 2019இல் வந்த மறு ஆக்கம் ‘ஃப்ரைஸ் லாண்ட்’, கதையை ஜெர்மனி இணைந்த காலத்துக்கு மாற்றியது. நல்ல யோசனைதான், ஆனால் மூலத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.