உப்புத் தண்ணீருக்கு எந்தப் பிரஷர் வாஷர்?

கேள்வி: படகு, லாட்ஜ் தரை கழுவிக் கொடுக்கும் தொழில் தொடங்குகிறேன். எந்தப் பிரஷர் வாஷர் வாங்கலாம்?
– வாசகர், மண்டபம்

பதில்: பார் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், அழுக்கை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவுதான். 120 பார், நிமிடத்துக்கு 8 லிட்டர், 3 ஹெச்பி இண்டக்‌ஷன் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது) இருந்தால் போதும். கார்பன் பிரஷ் மோட்டார் நாள் முழுக்க ஓட்டத்துக்குத் தாங்காது.

பம்ப் ஹெட் (தண்ணீர் ஓடும் பம்பின் தலைப்பகுதி) பித்தளையாக இருக்கட்டும். அலுமினியத்தை நம் கரையோர உப்புத் தண்ணீர் அரித்துவிடும்: வெள்ளைப் பொடி பூக்கும், வால்வு ஒட்டிக்கொள்ளும், துப்பாக்கியில் தண்ணீர் விட்டுவிட்டு அடிக்கும். பித்தளையானாலும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் 2 நிமிடம் ஓட்டுங்கள். மோட்டாரை நிறுத்தி, துப்பாக்கியை அழுத்தி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மணலைத் தடுக்க, தண்ணீர் உள்ளே வரும் வாயில் இன்லெட் ஃபில்டர் (வடிகட்டி) கட்டாயம்.

மரப் படகுக்கு 40 டிகிரி நாசில் (தண்ணீரை அகலமாக விசிறும் முனை). ஒரே கோடாகப் பாய்ச்சும் 0 டிகிரி வேண்டவே வேண்டாம், பெயிண்டோடு மரநாரையும் பிய்த்துவிடும்.