அந்தப் பழைய கெசட்டியரை 4,500 ரூபாய்க்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்கே நிலமும் கட்சியும் சாதியும் இப்படிப் பின்னிக் கிடப்பது ஏன் என்று படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. 1906-இல் வந்த தஞ்சாவூர் கெசட்டியரை, அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூலை, 'அரிய பதிப்பு' என்று சொல்லி ஒருவர் 4,500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த அந்த நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத்தான் இறக்கி, அச்சடித்து, தடித்த அட்டை போட்டு விற்கிறார்கள். வேறொரு மாவட்டக் கையேட்டை வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். உள்ளே இருந்த பெரிய வரைபடத்தை மடித்தபடியே ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஆறு பாதியில் நின்றுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிலே இல்லை. யாரிடம் வாங்கினாலும் வரைபடப் பக்கத்தை முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. புதிதாக எழுத்துக் கோத்து, வரைபடத்தை விரித்து அச்சிட்டு, விவரம் தெரிந்தவர் குறிப்பும், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவும் சேர்த்த பதிப்பென்றால் காசு கொடுக்கலாம். சொல்லடைவைத்தான் முக்கியமாகப் பாருங்கள். அன்றைய ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்கள் வேறு மாதிரி இருக்கும். தரங்கம்பாடியைத் தேடுகிறவருக்கு 'டிராங்குபார்' என்று தெரியாவிட்டால் அந்த ஊரே கிடைக்காது. இந்த வேலையைச் செய்து தந்த பதிப்பாளருக்குப் பணம் போவதில் தப்பில்லை. வெறும் ஸ்கேனுக்குப் புது அட்டை போட்டவருக்கு ஏன் போக வேண்டும்?

'திருவாரூர் மாவட்டம்' என்று தேடாதீர்கள், அது 1997-இல் பிறந்தது. தஞ்சாவூர் என்றே தேடுங்கள். கெசட்டியரில் பாசனம், நிலவரி அத்தியாயங்கள் போதும். அது கலெக்டர்களுக்காக எழுதியது. பண்ணையாள் அதில் வருவார், வாய் திறக்க மாட்டார். அவர் வாழ்க்கை தெரிய வேண்டுமானால் மானிடவியலாளர் கத்லீன் கோ எழுதி 1981-இல் வந்த நூலைப் படியுங்கள். 1951 முதல் 1953 வரை தஞ்சையின் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்து எழுதியது. கூலி, குத்தகை, சேரி, தெரு எல்லாம் அதில் இருக்கிறது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட இரவுக்கு முன்னால் இந்த மண் எப்படி இருந்தது என்று அப்போது புரியும்.

கத்லீன் கோ நூலை மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு என்பார்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம்; நம் காசில் வாங்கிய புத்தகத்தைப் பூட்டி வைத்துக் காப்பதற்கா? வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.