பாங்காக் சந்தையில் முதல் நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சனிக்கிழமை காலை பாங்காக்கில் இறங்குகிறோம். அன்றே சட்டுசக் சந்தைக்குப் போகலாமா? உள்ளே தொலைந்துபோவோம் என்று பயமுறுத்துகிறார்களே?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் போகலாம். முழுச் சந்தையும் கூடுவது சனி, ஞாயிறில்தான். நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை என்றாலும், பல கடைகள் 10 மணிக்கு மேல்தான் ஷட்டரைத் தூக்கும். 10 மணிக்குள் நுழைந்து 1 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கூரைக்கு அடியில் புழுங்கித் தள்ளிவிடும்.

எம்.ஆர்.டி. சுரங்க ரயிலில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கி 2ஆம் வாசலில் ஏறினால், நேரே சந்தைக்குள்தான் தலை நீட்டுவீர்கள்.

மொத்தம் 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கான கடைகள். நடுவில் மணிக்கூண்டு, உள்சந்துகளைச் சுற்றி அகலமான ஒரு சாலை. வழி தவறினால் திரும்பாமல் ஒரே திசையில் நடங்கள், அந்தச் சாலை வந்துவிடும். ஆட்கள் பிரிந்துபோனால் மணிக்கூண்டடியில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

ஆட்கள் தொலைவதைவிடக் கடைகள் தொலைவதுதான் அதிகம். "ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கலாம்" என்று நகர்ந்தால் அந்தக் கடையை மறுபடி பார்ப்பது சந்தேகம்; அடுத்த சந்திலும் அச்சாக அதே மாதிரிக் கடைகள் இருக்கும். பிரிவு எண், சோய் (சந்து) எண், கடை எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப் சந்தை வாசல்வரை கொண்டுவிடும், கடைவரை விடாது.

துணி வாங்குவதானால் இஞ்ச் டேப் எடுத்துப்போங்கள். பெரும்பாலான கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இல்லை. 'ஃப்ரீ சைஸ்' என்பது ஒல்லியானவர்களுக்கான அளவு!

கேள்வி: பாதி விலைக்குக் கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பர்மா பஜார் கணக்கு அங்கே எடுபடாது. விலை எழுதித் தொங்கவிட்ட பொருளில் பெரும்பாலும் பேரமே இல்லை. மற்றதில் 10, 20 சதவீதம் குறைந்தால் நல்ல பேரம். ஒன்றுக்குக் குறைக்காதவர் மூன்றுக்குக் குறைப்பார். "லோட் தாய் மாய்?" (குறைப்பீர்களா?) என்று சிரித்தபடி கேட்டுக் கால்குலேட்டரை நீட்டுங்கள், குரல் உயர்ந்தால் பேச்சு முடிந்தது. நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டபின் வாங்காமல் நகர்வது மரியாதையல்ல.

மொத்த விலைக்கு வார நாளில் சைனா டவுனின் சம்பெங் சந்துக்குப் போங்கள். வாட் மங்கோன் எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடை தூரம். அங்கே ஒன்றுக்கு ஒரு விலை, டஜனுக்கு ஒரு விலை. பைக்கும் தள்ளுவண்டியும் அந்தக் குறுகிய சந்துக்குள்ளேயே வரும், பையை முன்பக்கம் மாட்டுங்கள். மேற்கு முனையைத் தாண்டினால் பஹுரட், இந்தியர்களின் ஜவுளிக்கடைப் பகுதி.

கேள்வி: ரூபாயை அங்கே மாற்றலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நஷ்டம். கசங்காத 100 டாலர் நோட்டாகக் கொண்டுபோங்கள். சிறிய நோட்டுக்கு விலை குறைவு. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்டர்களை விட்டுவிட்டு, அடித்தளத்தில் ரயில் நிலையம் அருகே உள்ளவற்றில் மாற்றுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். பழம்தான் கதியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காய்கறி வறுவலிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள், அதுதான் சிக்கல். மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' என்று தாய் எழுத்தில் எழுதிய கடையைத் தேடுங்கள். முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இராது. 'மங்சவிரத்' (தாய் மொழியில் சைவம்) என்றால் முட்டை இருக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு எங்கும் கிடைக்கும்.